வண்டு வண்டியின் உஷ்ணப் பேரிக்காய்

மோட்டார் வண்டிக்குள் குளிர் காய்வதற்கு ஒரு சாதனம் வேண்டுமா என்று நம் சமவெளியில் வசிப்பவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். நம் ஊர் வெயிலில் வண்டியின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அனலே போதும்; அதற்குமேல் காசு கொடுத்து உஷ்ணம் வாங்குவார் யார்? ஆனால் ஜெர்மனி தேசத்தின் குளிர்காலத்தில் நிலைமை வேறு. அங்கே வண்டியில் உட்கார்ந்திருப்பவருடைய மூச்சுக்காற்றே முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, சில சமயம் உறைந்தும் போய், எதிரே வருவது லாரியா மரமா என்று தெரியாமல் செய்துவிடும். ஆகையால் அந்நாட்டில் வண்டிக்குள் வரும் வெந்காற்று சௌகரியம் மாத்திரமல்ல. கண் பார்வைக்கே அவசியமானது.

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் இப்போது ஸ்டட்கார்ட் நகரில் உத்தியோகத்தில் இருக்கிறார். அவர் 1961ஆம் வருஷத்து வோல்க்ஸ்வாகன் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். முதுகு வளைந்து, கண்கள் இரண்டும் உருண்டு, பார்ப்பதற்கு வண்டு போலவே இருப்பதால் ஜெர்மானியரும் அதை வண்டு என்றே அழைக்கிறார்கள். 1945ஆம் வருஷக் கடைசியில் உல்ப்ஸ்பர்க் தொழிற்சாலையில் ஒழுங்காக உற்பத்தியாகத் தொடங்கிய அவ்வண்டி, 2003 ஜூலை 30ஆம் தேதி மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரையில் மொத்தம் 2,15,29,464 பிறந்தது. உலகில் இத்தனை பிள்ளைகளைப் பெற்ற வண்டிக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை. நம் மாணவரும் தம் வண்டியிலுள்ள 34 குதிரைச் சக்தி எஞ்சினை எடுத்துவிட்டு, 1970க்குப் பிறகு வந்த 50 குதிரைச் சக்தி எஞ்சினைப் பொருத்தப் போகிறார். அது பற்றி நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். மூன்றே முக்கால் பக்கம் குதிரைச் சக்தியைப் பற்றியது. கடைசியில் இரண்டு வரி: "எஞ்சினோடு உஷ்ணமாற்றிகள் இரண்டும் வந்திருக்கின்றன. வெளிப்புறம் நன்றாகவே இருக்கிறது. கறுப்பு வர்ணம் பூசி மாட்டிவிடலாம் என்று உத்தேசம். பின் ஆசனத்தில் குழந்தைக்கும் கதகதப்பாக இருக்கும்."

இந்த வாரம் இப்பகுதியில் மூன்றே முக்கால் பக்கத்தை ஒதுக்கிவிட்டு அவ்விரண்டு வரிகளுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மோட்டார் வண்டியே வைத்திராத வாசகர்களும் இதைப் படிப்பதில் நஷ்டமில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

சாதாரண மோட்டார் வண்டிகளில் எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுடுநீரில் கொஞ்சத்தை ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாக ஓடவிட்டு, அதன்மேல் காற்றை வீசினால் வெந்காற்று கிடைத்துவிடும். வண்டு வண்டியில் தண்ணீரே கிடையாது. பின்புறத்தில் இருக்கும் எஞ்சினை ஒரு பெரிய விசிறி காற்றடித்துக் குளிர்விக்கிறது. ஆகவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உஷ்ணம் வேண்டுமானால் வேறு வழி தேட வேண்டும்.

ஆதியில் அந்தத் தொழிற்சாலையார் கண்ட வழி மிகச் சுலபமானது. ஸிலிண்டர்களைச் சுற்றி வந்து சூடேறிய அதே காற்றில் ஒரு பகுதியை வண்டிக்குள்ளே திருப்பிவிட்டார்கள். எஞ்சினில் எங்கேயாவது எண்ணெய் கசிந்தால் அந்தப் பொரிந்த நாற்றமும் கூடவே வந்து சேரும். 1962ஆம் வருஷத்தின் இறுதியில் இந்த ஏற்பாடு மாறிற்று. விசிறிக் கூட்டிலிருந்தே இரண்டு குழாய்கள் வழியாகச் சுத்தமான காற்றைத் தனியே பிரித்து, எஞ்சினின் இரு பக்கங்களிலும் உள்ள இரண்டு உறைகளுக்குள் செலுத்தினார்கள். ஒவ்வோர் உறைக்கும் நடுவே எஞ்சினின் புகைக் குழல் பழுக்கக் காய்ந்து போய்க்கொண்டிருக்கும். காற்று அதைச் சுற்றி வந்து சூடேறி, வண்டியின் இரு ஓரங்களிலும் கதவுக்குக் கீழே செல்லும் பொள்ளலான வாய்க்கால்கள் வழியாக உள்ளே போய்ச் சேரும். இந்த உறையைத்தான் 'ஹீட் எக்ஸ்சேஞ்சர்' என்கிறார்கள். நாம் உஷ்ணமாற்றி என்போம். ஜெர்மனியில் மெக்கானிக்குகள் அதன் உருவத்தைக் கண்டு 'உஷ்ணப் பேரிக்காய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதில் தொழிலாளிக்கு நிகர் வேறு யாருமில்லை.

ஏற்பாடு புத்திசாலித்தனமானது என்பதில் சந்தேகமில்லை. வீணாகப் போகும் சூட்டைச் செலவில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குழந்தை சுவாசிக்கப் போகும் காற்றுக்கும் எஞ்சின் கக்கும் புகைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு இரும்புச் சுவர். தண்ணீரால் உஷ்ணமடையும் வண்டியில் ஏதேனும் ஓட்டை விழுந்தால் காலில் வெந்நீர் சொட்டும், உடனே தெரிந்துபோகும். இங்கே ஓட்டை விழுந்தால் சொட்டுவது ஒன்றுமில்லை.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு இருக்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின்களின் புகையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருப்பது சர்வசாதாரணம். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே சில நிமிஷங்களில் மூச்சு நின்றுவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணில் எரிச்சலில்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற பொருள், இந்த வாயுவைக் கண்டால் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பிரியத்தோடு பற்றிக்கொள்கிறது, எளிதில் விடுவதில்லை. 1857ஆம் வருஷத்திலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் இந்த ரகசியத்தை வெளியிட்டார். பின்னர் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு சாஸ்திரி, நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் இறந்தவர்களைப் பரிசோதித்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடியல்ல, இந்த வாயுவே என்று 1896இல் அறிக்கை சமர்ப்பித்தார். அவர் யோசனைப்படி சுரங்கத்துக்குள் கூண்டில் கொண்டுபோன மஞ்சள் குருவிகள் 1986 வரையில் பிரிட்டனில் உத்தியோகம் பார்த்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம் என்றேனே, அது இதற்காகத்தான். மலைவாசஸ்தலங்களுக்குப் போகிறவர்கள் குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, அறைக்குள்ளே கரியடுப்பையோ கும்மட்டியையோ மூட்டிவிட்டுப் படுத்து, காலையில் எழுந்திராமலே போவது உண்டல்லவா? அங்கே வேலை செய்வதும் இதே வாயுதான். முதலில் இலேசான தலைவலி, பிறகு குமட்டல், பிறகு இன்பமான தூக்கம். தூக்கம் வருவதை யார்தான் ஆபத்து என்று நினைப்பார்கள்? வண்டியில் இது இன்னும் விபரீதம். ஓட்டுகிறவருக்கே மயக்கம் வந்தால் மற்றவர்கள் கதி என்ன!

"புகை நாற்றம் வந்தால் ஜன்னலைத் திறந்துகொள்ளமாட்டோமா?" என்று மாணவர் கேட்கலாம். புகையில் மணமுள்ள பொருள்களும் இருப்பது உண்மை. ஆனால் மூக்கு சீக்கிரத்தில் பழகிப் போகும் அவயவம். போதாக்குறைக்குப் புதிதாகப் பொருத்திய எஞ்சினில் எண்ணெயும் வர்ணமும் காய்ந்து சில நாள் நாறத்தான் செய்யும். அந்த நாற்றத்தோடு இதுவும் கலந்து வந்தால் எது எது என்று பிரித்தறிய முடியுமா?

இது வெறும் பயமுறுத்தல் என்று எண்ணுகிறவர்களுக்கு ஆகாய விமானத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறிய பெட்ரோல் விமானங்களிலும் பிரயாணிகளுக்கு வெந்காற்று தருவது இதே தத்துவந்தான். புகைக் குழலைச் சுற்றி ஓர் உறை, உறைக்குள் காற்று. 2019 ஜனவரி 21ஆம் தேதி இரவு, எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டின தேசத்துக் கால்பந்து வீரர் பிரான்ஸிலுள்ள நாந்த் நகரிலிருந்து வேல்ஸ் தேசத்தின் கார்டிஃபுக்குப் புறப்பட்டார். பைப்பர் மாலிபு என்ற ஒற்றை எஞ்சின் விமானம். குவெர்ன்ஸீ தீவுக்கு அருகே அது கடலில் வீழ்ந்தது. பின்னால் சாலாவின் உடலைக் கண்டெடுத்துப் பரிசோதித்தபோது, அவர் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு 58 பங்கைக் கார்பன் மோனாக்ஸைடு பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஐம்பதைத் தாண்டினாலே நினைவு தப்பும். 2020 மார்ச்சில் வெளியான பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை, விமானியும் அந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும், அது எஞ்சினின் புகைக் குழல் அமைப்பிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. சத்தமிட்டு எச்சரிக்கும் சிறிய கருவி ஒன்றும் அந்த விமானத்தில் இல்லை.

ஜெர்மானியர் இந்த அபாயத்தை அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய மோட்டார் வாகன விதிகளில், வண்டியை உஷ்ணப்படுத்தும் சாதனங்கள் அரசாங்க அங்கீகாரம் பெற்ற மாதிரியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரால் உஷ்ணம் தரும் சாதனத்துக்கும் மின்சார சாதனத்துக்கும் மட்டும் விலக்கு. புகைக் குழலால் உஷ்ணம் தருவதற்கு விலக்கில்லை. சட்டம் எழுதியவருக்குப் பௌதிகம் தெரிந்திருக்கிறது!

இனி நம் மாணவரின் வண்டிக்கு வருவோம். அவர் எழுதிய "வெளிப்புறம் நன்றாக இருக்கிறது" என்ற சொற்கள்தான் என்னைக் கலங்கச் செய்தவை. உஷ்ணமாற்றியில் வெளித் தகடு துருப்பிடித்துப் பொத்தலானால் நஷ்டம் கொஞ்சம் வெந்காற்றுதான். உள்ளே குளிரும், அவ்வளவே. துரு கண்ணுக்கும் தெரியும். உள்ளே இருக்கும் புகைக் குழலின் கதை வேறு. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. வண்டி அருகிலுள்ள கடைவீதிக்குப் போய்த் திரும்பும் சிறு பிரயாணங்களில் குழல் போதிய அளவு காய்வதில்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து புளித்த நீராகத் தங்கி இரும்பை அரிக்கிறது. வெளியே வர்ணம் பூசப் பூச அந்த அரிப்பு இன்னும் நன்றாக மறைந்துகொள்ளும். புகைக் குழலுக்குள் ஒவ்வொரு வெடிப்புக்கும் அழுத்தம் அலையாக எழுவதால், சிறு ஓட்டை இருந்தாலும் புகை காற்றுப் பக்கம்தான் பாயும்.

ஆகவே பரீட்சை செய்யாமல் மாட்டவே கூடாது. பரீட்சை கடினமானதல்ல. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதை அறியாதவர் உண்டா? அதேதான். புகைக் குழலின் ஒரு வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, மற்றொரு வாயில் துளையிட்ட அடைப்பான் வழியாகப் பம்பைப் பொருத்த வேண்டும். பிறகு முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். உறைக்குள் அடைபட்ட காற்று முழுவதும் வெளியேறும்படி இப்படியும் அப்படியும் சாய்த்துத் திருப்பிய பிறகே பம்பை மெதுவாக அடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் தங்கிய காற்றின் குமிழியைக் கண்டு வீணாகப் பயப்பட நேரும். உறையின் வாய்களிலிருந்து தொடர்ந்து குமிழி கிளம்பினால் அந்தப் பேரிக்காய் அழுகிவிட்டது. அதை ஒட்டுப்போட்டுப் பிழைக்க வைக்க நினைக்கலாகாது. உள்ளே ஓரிடம் இற்றிருந்தால் பக்கத்து இடமும் இற்றுக்கொண்டிருக்கும். ஒட்டுப்போட வெளித்தகட்டை அறுத்துத் திறக்கவும் வேண்டும். புதிது வாங்குவதே சிலாக்கியம். வாங்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். ஒழுங்காகச் செய்தவற்றில் குழலைச் சுற்றிச் செதில் செதிலாகத் தகடுகள் இருக்கும்; அவைதாம் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பவை. மலிவுச் சரக்கில் வெறும் குழலும் வெறும் உறையுமாக இருப்பதும் உண்டு. அது உஷ்ணமாற்றி என்ற பெயருக்கு மட்டும் உரியது.

பொருத்துவதில் இரண்டு மூன்று சங்கடங்கள் இருக்கின்றன. முதலாவது அளவு. பழைய எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் 64 மில்லிமீட்டர், புதியதில் 69. இது எழுத்தில் அற்பமாகத் தோன்றும். ஆனால் அதற்குத் தக்கபடி புது எஞ்சின் அகலமாக இருக்கிறது. புகை வெளிவரும் துவாரங்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. பழைய சைலென்ஸரைப் புது எஞ்சினில் மாட்ட முயன்றால் வராது. சிலர் நெம்புகோலால் இழுத்துப் பிடித்து நட்டை முடுக்கிவிடுவார்கள். இழுபட்டு நிற்கும் குழல், சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் கொஞ்ச நாளில் விரிசல் விடும். எஞ்சின், உஷ்ணமாற்றி, சைலென்ஸர் மூன்றும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இந்த வண்டி 1961ஆம் வருஷத்தது. பழைய ஏற்பாட்டின்படி செய்யப்பட்டது. ஆகவே எஞ்சினுக்குப் பின்புறத்தில் மூடியிருக்கும் தகட்டில், விசிறிக் கூட்டிலிருந்து உஷ்ணமாற்றிக்குச் செல்லும் குழாய்களுக்குத் துவாரம் இராது. பின்னால் வந்த வண்டியின் தகட்டை வாங்கிப் போட வேண்டும். அந்தத் தகடு ஏதோ அலங்காரம் என்று சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மேலேயுள்ள குளிர்ந்த காற்றோடு கீழேயுள்ள சூட்டுக் காற்று கலக்காமல் தடுப்பது அதுதான். அதை எறிந்தால் எஞ்சின் தன் சூட்டையே திரும்பக் குடித்து வெந்துபோகும்.

மூன்றாவது, ஸ்டட்டுகள். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். அதில் பதிந்திருக்கும் ஸ்டட்டுகள் இரும்பு. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்த நட்டைப் பலாத்காரமாகத் திருகினால் ஸ்டட்டு உள்ளேயே ஒடிந்துவிடும். முன்னாளே துருநீக்கி எண்ணெயை விட்டு ஊற வைத்து, சற்று இறுக்கி, சற்றுத் தளர்த்தி, பொறுமையாக வாங்க வேண்டும். காஸ்கெட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். மாட்டும்போது உஷ்ணமாற்றிகளையும் சைலென்ஸரையும் எல்லா நட்டுகளும் தளர்ந்திருக்க முதலில் தம் இடத்தில் உட்கார வைத்து, அப்புறமே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து முடுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகிறவர் கடைசி இணைப்பில் கட்டாயம் நெம்புகோலைத் தேடுவார்.

பிளைவீலின் பற்கள் 109 இருந்த இடத்தில் 130 வந்து சேருவதும், அதற்காகக் கியர்ப் பெட்டியின் கூட்டை உட்புறம் சற்றுத் தேய்க்க வேண்டியிருப்பதும், 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக்குவதும் அவர் அறிந்த விஷயங்கள். அவற்றுக்கு ஏற்கெனவே மூன்றே முக்கால் பக்கம் செலவிட்டுவிட்டார்.

இவ்வளவு தொல்லை எதற்கு, உஷ்ணமாற்றிகளையே நீக்கிவிட்டு, ஜே என்ற ஆங்கில எழுத்துப் போல் வளைந்த சாதாரணக் குழல்களைப் போட்டுவிடலாமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உஷ்ணப் பிரதேசங்களில் அப்படிச் செய்வது வழக்கந்தான், தவறுமில்லை. ஆனால் விசிறிக் கூட்டில் அந்தக் குழாய்களுக்கு இருந்த இரண்டு துவாரங்களையும் மறக்காமல் அடைத்துவிட வேண்டும். திறந்து விட்டால் ஸிலிண்டர்களைக் குளிர்விக்க வேண்டிய காற்று அவ்வழியே ஓடிவிடும். ஸ்டட்கார்ட் குளிரில் இந்த யோசனையை நான் ஒப்பமாட்டேன். விஷவாயுவுக்குப் பயந்து முன்கண்ணாடியைக் குருடாக்கிக்கொள்வது, பேய்க்குப் பயந்து கிணற்றில் குதிப்பது போலாகும்.

கதவுக்குக் கீழேயுள்ள வாய்க்கால்களையும் அவர் ஒரு முறை தட்டிப் பார்க்க வேண்டும். வெந்காற்று போகும் வழி என்பது மாத்திரமல்ல, வண்டியின் உடம்பைத் தாங்கும் எலும்பும் அவைதாம். பனியை உருக்க வீதியில் உப்புக் கொட்டும் நாட்டில் அவை முதலில் இற்றுப் போகும். உள்ளே எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. வெந்காற்றோடு வைக்கோல் பறந்து வரும்போதுதான் உடையவருக்குத் தெரியும்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின், வெளியில், திறந்த இடத்தில் எஞ்சினை ஓட்டி, காஸ்கெட் இருக்கும் இடங்களில் 'டப் டப்' என்று காற்றுத் தெறிக்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். உஷ்ணத்தைத் திறக்கும் பிடியை இழுத்தால் இரு பக்கத்துக் கதவுகளும் ஒரே மாதிரி திறந்து, விட்டால் முழுவதும் மூடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருஷந்தோறும் குளிர்காலத்துக்கு முன் ஒரு தடவை.

அத்துடன் கார்பன் மோனாக்ஸைடைக் கண்டால் கூவும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வண்டிக்குள் வைத்துவிட வேண்டும். எங்கே வைப்பது என்று சிலருக்குச் சந்தேகம். அந்த வாயுவின் கனம் ஏறத்தாழக் காற்றின் கனமே. 28க்கு 29 என்ற அளவு. ஆகையால் அது மேலே போய்ச் சேர்வதுமில்லை, கீழே தங்குவதுமில்லை. மூச்சு விடும் உயரத்தில், நம் மாணவரின் விஷயத்தில் குழந்தையின் ஆசனத்துக்கு அருகே வைப்பது உசிதம். கருவியின் முதுகில் அது எந்த வருஷம் வரை வேலை செய்யும் என்று அச்சிட்டிருப்பார்கள். கடையில் வாங்கும்போதே அதைத் திருப்பிப் பார்த்து வாங்கட்டும்.